ஊத்த முதல் லைட்டைப் பாருங்கோ

அப்பாவின் பழைய காரைப் பிள்ளையிடம் கொடுக்கும் வயதுக்கு எங்களில் பலர் வந்துவிட்டோம். பிள்ளை ஜி2 எடுத்த கையோடு, அப்பப்பா ஓடின 2007 கொறோலாவோ 2008 சியன்னாவோ கைமாறுகிறது. சாவியோடு சேர்ந்து ஒரு பழக்கமும் கைமாறும். கார் நடுங்கினால், இழுவை குறைந்தால், மஞ்சள் லைட் எரிந்தால், "ஒரு கிளீனர் போத்தல் வாங்கி ஊத்து, சரியாயிடும்."

அந்தப் போத்தல் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. நல்லதாக வாங்கினால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வேலைதான் இருக்கிறது.

அந்த வேலை என்னவென்றால், பெற்றோல் எரியும் இடங்களிலும் அது போகிற வழியிலும் காலப்போக்கில் கரிப் படிவு பிடிக்கும். இன்ஜெக்டரின் துளை மயிரிழை போல மெல்லியது. அதில் கொஞ்சம் படிந்தாலே பெற்றோல் தூவலாக வராமல் ஒழுகலாக வரும். சிவப்பு லைட்டில் நிற்கும்போது கார் நடுங்கும், அக்சிலேற்றரை மிதித்தால் ஒரு கணம் யோசிக்கும். இந்தப் படிவைக் கரைக்கத் தெரிந்த பொருள் பொலிஈதர்அமீன். சுருக்கமாக பிஇஏ என்பார்கள். டெக்ரோன் போன்ற போத்தல்களில் இருப்பது இதுதான். கடையில் ஒரு சுவர் நிறையப் போத்தல்கள் இருக்கும், எல்லாவற்றிலும் இது இல்லை. வாங்கும்போது அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சிலவற்றில் பெரும்பகுதி வெறும் கரைப்பான்தான்.

அடுத்து, உங்கள் கார் எந்த வகை என்று தெரிய வேண்டும். 2007 கொறோலா போன்ற கார்களில் பெற்றோல் இன்ரேக் வால்வின் பின்பக்கத்தில் தூவப்படுகிறது. அதனால் பெற்றோலில் கலந்த கிளீனர் வால்வையும் கழுவிக்கொண்டு போகும். போத்தலால் ஆன முழுப் பயனும் கிடைப்பது இந்தக் கார்களுக்குத்தான். டிரெக்ட் இன்ஜெக்‌ஷன் கார்கள் வேறு. 2011 சொனாட்டா, 2014 மஸ்டா3, 2015 சிஆர்வி எல்லாம் இந்த வகை. இவற்றில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது, வால்வில் படுவதே இல்லை. அங்கே படிவது எஞ்சினின் ஒயில் ஆவி. நீங்கள் பத்துப் போத்தல் ஊத்தினாலும் அந்த வால்வுக்கு ஒரு துளி போய்ச் சேராது. இன்ஜெக்டர் நுனி துப்புரவாகும், அவ்வளவுதான். வால்வைத் துப்புரவாக்க வேண்டுமென்றால் மெக்கானிக் இன்ரேக்கைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துத்தான் எடுக்கவேண்டும். (வால்நட் ஓடுதான். உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மையானது, கரியைப் பெயர்க்கிற அளவுக்குக் கடினமானது.)

இனி அந்த மஞ்சள் லைட்.

ஒன்ராறியோவில் 1999இல் தொடங்கிய டிரைவ் கிளீன் புகைச் சோதனை, சாதாரண கார்களுக்கு 2019 ஏப்ரலோடு நின்றுபோனது. எங்கள் அப்பாமாரின் போத்தல் பழக்கம் பாதி அந்தக் காலத்திலிருந்து வந்தது. சோதனைக்கு முதல் கிழமை ஒரு போத்தல் ஊத்தி, 401இல் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுக் கொண்டுபோவார்கள். இப்போது அந்தச் சோதனையும் இல்லை. பழைய காரில் என்ன பிழை என்று சொல்ல மிஞ்சியிருப்பது அந்த லைட் மட்டும்தான். அதைப் பார்க்காமல் போத்தலை ஊத்தினால் அந்தக் குரலையும் மூடிவிடுகிறோம்.

போன மாரியில் மகளின் கொறோலாவில் அது சிமிட்டத் தொடங்கியது. நிலையாக எரிவது ஒன்று, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அந்தப் பெற்றோல் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். மாற்றப் போனால் செலவு ஆயிரம் டொலரைச் சுலபமாகத் தாண்டும். நடுத்தெருவில் இழுவை போகிற ஆபத்து வேறு. மகளைக் காரை நிற்பாட்டிவிட்டு இருக்கச் சொன்னேன். அப்பா கையில் போத்தலோடு என்னுடன் வந்தார்.

"உதை ஊத்திப் பாப்பம் மோனை, பிறகு மெக்கானிக்கிட்டப் போகலாம்."

"ஊத்தலாம் அப்பா. முதல் என்ன கோட் எண்டு பாப்பம்."

முப்பது டொலர் அளவில் ஒரு ஓபிடி ரீடர் வாங்கலாம். கனடாவில் 1998க்குப் பிறகு விற்ற கார்களில் ஸ்ரியரிங்குக் கீழே அதைச் செருக இடம் இருக்கும். பி0302 என்று வந்தது. இரண்டாம் சிலிண்டர். ஒரு 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் இரண்டாம் கொயிலைக் கழற்றி மூன்றாம் இடத்தில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட்டோம். கோட்டை அழித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், இப்போது பி0303. பிழை கொயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. அப்பாவுக்கு இந்த விளையாட்டு நல்லாப் பிடித்துவிட்டது. புதுக் கொயிலைத் தானே போட்டார். போத்தல் டிக்கியிலேயே கிடந்தது.

போத்தல் தொட முடியாத பிழைகள் நிறைய இருக்கின்றன. தேய்ந்த ஸ்பார்க் பிளக், காற்றுக் கசிகிற குழாய், செத்த ஒக்சிஜன் சென்சர், பலமிழந்த பெற்றோல் பம்ப், இறுகப் பூட்டாத பெற்றோல் மூடி. மூடி மட்டும் தளர்ந்திருந்தாலே லைட் எரியும். இன்னொரு பொறி பி0420 என்ற கோட். கொன்வேர்ட்டர் களைத்துவிட்டது என்று சொல்வது அது. போத்தலை ஊத்தி, கோட்டையும் அழித்துவிட்டால் லைட் சில நாள் அணைந்திருக்கும். "பாத்தியா, வேலை செய்திட்டுது" என்பார்கள். லைட் அணைந்தது அழித்ததால். கார் தன் சோதனையை மறுபடி ஓடி முடித்ததும் திரும்ப எரியும். பெற்றோல் மணம் வந்தால் கிளீனர், ரீடர் இரண்டையும் மறந்துவிட்டு, காரை ஓடாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

மாதம் ஒருக்கா பிரீமியம் அடித்தால் எஞ்சின் துப்புரவாகும் என்பதும் வீட்டில் கேட்ட கதைதான். பிரீமியம் என்பது ஒக்டேன், துப்புரவு அல்ல. துப்புரவைத் தருவது பெற்றோலில் ஏற்கெனவே கலந்திருக்கும் டிடர்ஜென்ட். 2004இல் சில கார் நிறுவனங்கள் சேர்ந்து ஏற்படுத்திய டொப் ரியர் தரம் அதற்கானது. ஷெல், எஸ்ஸோ, கொஸ்கோ போன்ற இடங்களில் ரெகுலரிலேயே அந்த அளவு இருக்கும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016இல் செய்த சோதனையில், 4,000 மைல் அளவு ஓட்டத்துக்குப் பிறகு, இந்தத் தரம் இல்லாத பெற்றோல் சராசரியாக 19 மடங்கு படிவை விட்டிருந்தது. நல்ல இடத்தில் தொடர்ந்து அடிக்கிற காருக்குப் போத்தல் பெரும்பாலும் தேவைப்படாது. ஹியுண்டாய், கியா கையேடுகள் சிலவும் இதையே சொல்கின்றன. டொப் ரியர் கிடைக்காதவர்கள் இடைக்கிடை ஒரு போத்தல் ஊத்தட்டும் என்று.

அப்படியானால் யார் ஊத்தலாம்? அப்பப்பா மலிவுப் பெற்றோலிலேயே, கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடின காரா, கோட் ஒன்றும் இல்லாமல் லேசாக நடுங்குகிறதா, ஊத்திப் பாருங்கள். எத்தனை லீற்றருக்கு என்று போத்தலில் போட்டிருக்கும், கூட ஊத்துவதால் கூடத் துப்புரவாகாது. முதல் போத்தல், பிறகு பெற்றோல், அப்போதுதான் நல்லாக் கலக்கும். அந்த ராங்கை வீட்டு வாசலில் வைத்து ஆறவிடாமல் ஹைவேயில் ஓடி முடியுங்கள். ஒயில் மாற்றும் நாளுக்குச் சற்று முன் செய்தால் நல்லது. டீசல் வாகனத்துக்கு டீசல் போத்தல்தான்.

ஊத்தின திகதியையும் கிலோமீற்றரையும் ரசீதின் பின்பக்கத்தில் எழுதி கிளவ் பொக்ஸில் போட்டுவிடுங்கோ. அடுத்த கிழமை அப்பா வந்து இன்னொன்று ஊத்தாமல் இருக்க.