கல்லும் பத்திரமும் பேசட்டும்!



நம் ஊர்ப்பக்கம் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளில் காரணம் விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது ஒரு வரப்பில்தான் போய் முடியும். ஒரு முழம் மண்! அதற்காகக் கோர்ட்டு, வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு மேல் வாய்தா. மண் கிடைக்கிறதோ இல்லையோ, உறவு போய்விடுகிறது. "எல்லாம் மண்ணாசை" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லை தெளிவாக இல்லாததும், பத்திரத்தைப் பதியாமல் விட்டதும்தான் காரணம் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா 40 சென்ட் நிலம் வாங்கினார். வெள்ளைத்தாளில் எழுதி, கைநாட்டு வைத்ததோடு சரி, பதிவு கிடையாது. அதில் "கிழக்கே புளியமரம், வடக்கே வாய்க்கால்" என்று இருக்கிறது. மரம் புயலில் சாய்ந்துவிட்டது. வாய்க்கால் தூர்ந்து பாதையாகிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் நான்கு அடி உள்ளே வந்து "இதுதான் என் வரப்பு" என்கிறார். சாட்சி சொல்ல மரமும் இல்லை, தாத்தாவும் இல்லை!

நான்கு அடிதானே என்கிறீர்களா? ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நான்கு அடி அகலத்தில் 109 அடி நீளம் போனால் ஒரு சென்ட் போச்சு!

என் படிப்புக்காக அந்த நிலத்தை வைத்துக் கடன் கேட்டபோது, "பட்டா பழைய சொந்தக்காரர் பேரில் இருக்கே" என்று பேங்கில் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவின் தோடுதான் என் ஃபீஸ் ஆனது. விற்றவரின் வாரிசுகள் ஐந்து பேர் ஐந்து ஊரில். அவர்கள் கையெழுத்துக்காக அப்பா இன்னும் அலைகிறார்.

சட்டம் ஒன்றும் புதிதல்ல. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம் கைமாறும் பத்திரத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் தாக்கல் செய்ய வேண்டும். வெறும் பவர் பத்திரத்தை வைத்து நிலத்தை விற்றால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றமும் 2011-ல் சொல்லிவிட்டது.

"கூடப் பிறந்தவனுக்குள் பத்திரம் எதுக்குப்பா?" என்று கேட்பார்கள். பத்திரம் சந்தேகத்துக்காக அல்ல. அண்ணன் தம்பி இருவருக்கும் எல்லை ஞாபகம் இருக்கும். அவர்கள் பிள்ளைகளுக்கு இருக்குமா? வாய்வார்த்தை ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கும். செலவுக்குப் பயந்தும் விடக்கூடாது. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை செய்ய, கிரயத்துக்கு ஆவதைவிடக் கட்டணம் குறைவு.

சிவில் நண்பர்களே! வெயிலில் சங்கிலி பிடித்து ஆஃப்செட் எடுக்கும்போது அலுத்துக்கொள்கிறோம். நம் ஊர் நிலங்களின் புலப்பட வரைபடமும் அதே மூலைவிட்டம், அதே ஆஃப்செட் கணக்குத்தான். மரம் சாயும், வாய்க்கால் தூரும், அளவு மாறாது. பத்திரத்தில் சர்வே நம்பரும் அளவும் இருந்தால், கல்லைப் பிடுங்கிப் போட்டாலும் அதே இடத்தில் திரும்ப நட்டுவிடலாம்.

எங்கள் வீட்டில் அந்தப் பத்திரத்தை முழுசாகப் படித்த முதல் ஆள் நான்தான். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அடுத்த லீவில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரம் பதிந்திருக்கிறதா? நான்கு எல்லையும் சர்வே நம்பரும் சரியா? பட்டா யார் பேரில் இருக்கிறது? வில்லங்கச் சான்றிதழ் என்ன சொல்கிறது? எல்லைக்கல் இடத்தில் இருக்கிறதா?

தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, எழுதி, பதிந்துவிடுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி இதுவாக இருக்கட்டும்!