முந்நூறு அடி எவரெஸ்ட்

பேரன் பெங்களூரிலிருந்து கோடை லீவுக்கு வந்திருக்கிறான். வயது ஒன்பது. வந்த மூன்றாம் நாளே, "தாத்தா, போரடிக்குது" என்றான். அவனுடைய டேப்லெட்டை என் மனைவி பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியதன் விளைவு.

சரியென்று எங்கள் பேட்டைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே போர்டு. பந்து விளையாடக் கூடாது. புல்லை மிதிக்கக் கூடாது. சைக்கிள் கூடாது. சறுக்கு மரத்தின் நடுவில் ஓர் ஓட்டை. சறுக்கினால் பையன் கீழே வந்துவிடுவான், டிரவுசர் மேலேயே தங்கிவிடும். ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்கியது. என் வயசுக்காரர்கள் செல்போனில் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள். (தினமும் நானும் அதில் ஒரு மாடுதான்.)

"இங்க என்னதான் பண்ணலாம்?" என்று வாட்ச்மேனையே கேட்டுவிட்டான்.

அவர் யோசித்துவிட்டு, "உக்காரலாம் தம்பி" என்றார்.

திரும்பி வந்து மொட்டை மாடியில் நின்றோம்.

"அது என்ன மலை தாத்தா?"

"பரங்கிமலை."

"மேல என்ன இருக்கு?"

மாட்டிக்கொண்டேன். இந்த வீட்டுக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருஷம். ஊட்டிக்கு மூன்று தடவை, கொடைக்கானலுக்கு இரண்டு தடவை, கடன் வாங்கி சிம்லாவுக்குக்கூடப் போயாயிற்று. மாடியிலிருந்து தெரியும் மலையில் கால் வைத்ததில்லை. துணி உலர்த்தும்போதெல்லாம் என் மனைவி, "ஒருநாள் அங்க போய்ட்டு வரலாங்க" என்பாள். "அது எங்கே ஓடிப் போகப்போகுது?" என்பேன். மலை ஓடவில்லைதான். அதற்குள் இவள் முழங்கால் போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் அவனும் கிளம்பினோம். "நீங்க போங்க, நான் மாடியிலேர்ந்து பாத்துக்கறேன்" என்றாள்.

உயரம் 300 அடிதான். படிகளை இருவரும் எண்ணினோம். உச்சியில் கணக்கு உதைத்தது. நான் உட்கார்ந்து எழுந்த படிகளையெல்லாம் இரண்டு தடவை எண்ணிவிட்டேனாம்.

மேலே 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டிய சர்ச். மீனம்பாக்கம் ஓடுபாதை தாம்பாளத்தில் வைத்த மாதிரி தெரிந்தது. விமானம் இறங்க இறங்க இவன் குதித்தான். பிறகு ஒரு மார்பளவுச் சிலையின் முன் நின்று, "இவர் யாரு?" என்றான்.

முந்தின ராத்திரி புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டதை, பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி எடுத்துவிட்டேன். வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10-ம் தேதி இந்த மலைக்குப் பக்கத்தில் நூறடிச் சங்கிலியை நீட்டி நிலத்தை அளக்க ஆரம்பித்தார். தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல். அதற்கு 57 நாள், அதுவும் நம்ம ஊர் சித்திரை, வைகாசி வெயிலில்! அந்த ஒரு கோட்டை ஆதாரமாக வைத்து, முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டபடி நாடு முழுக்கப் போனார்கள். 1823-ல் லாம்டன் வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். பொறுப்பு ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்கு வந்தது. கடைசியில் அந்த சர்வே இமயமலையை எட்டி, 1856-ல் ஒரு சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது. பெயரை எவரெஸ்ட் தட்டிக்கொண்டு போனார். சங்கிலி பிடித்தவருக்குப் பரங்கிமலையில் ஒரு சிலை.

"எவரெஸ்டுக்கு ஸ்டார்ட்டிங் பாயின்ட் நம்ம வீட்டுப் பக்கமா? ஏன் தாத்தா இவ்ளோ நாள் சொல்லல?"

"நேரம் வரட்டும்னு இருந்தேன்" என்றேன்.

என் போனைப் பிடுங்கி, "பாட்டி! கை ஆட்டறேன், தெரியுதா?"

"தெரியுதுடா கண்ணா, மஞ்சச் சட்டைதானே!"

அவன் தன் நீலச் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா பாட்டி" என்றான்.

அப்போதுதான் பின்னால் ஹாரன் சத்தம். ஓர் ஆட்டோ வந்து நின்றது. கைத்தடியோடு ஒரு கிழவி நிதானமாக இறங்கினார்.

"இங்கேயே வண்டி வருமா?" என்றேன் டிரைவரிடம்.

"அந்தப் பக்கம் ரோடு இருக்கே சார். தெரியாதா?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா ரோடு இருந்துச்சா?"

"இருந்தது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு வியாழன்தான் ஆகிறது. புளிக்காய்ச்சல் தயார்.