காரணமில்லாமல் சைக்கிள் ஓடுங்கள்

"சேர், பைக் ரிப்பெயரா?"

இந்த ஆகஸ்ட் விடுமுறையில் சம்மாந்துறைக்குள் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அடுத்த கேள்வி, "சேருக்கும் சீனி வருத்தம் வந்திட்டா?" இரண்டும் இல்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்றால் யாரும் நம்புவதாக இல்லை. சிலர் அனுதாபமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கேட்டவர்கள் மீது கோபம் இல்லை, அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விகளுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. பெரிய மனிசன் ஒருவன் சைக்கிளில் ஏறினால் அதற்கு வறுமை, வருத்தம், நெருக்கடி என்று ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும் என்ற எண்ணம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2022 ஐ யோசித்துப் பாருங்கள். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூ.ஆர். வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டும். அந்த நாட்களில் அதிபர், வங்கி உத்தியோகத்தர், கடை முதலாளி என்று எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சொன்ன விலைக்கு வாங்கினோம். பெற்றோல் வரிசை மறைந்ததும் அந்தச் சைக்கிள்களைக் கோழிக்கூட்டுப் பக்கம் சாத்தினோம். இன்றைக்கு அதில் காற்று இல்லை, செயின் துருப்பிடித்துக் கிடக்கிறது. கஷ்ட காலத்துச் சாமான் என்று முடிவு செய்துவிட்டோம்.

என் கருத்து இதற்கு நேர் எதிரானது. கஷ்டம் இல்லாத நேரத்தில்தான் சைக்கிளை வெளியே எடுக்க வேண்டும். கடைக்கும் இல்லை, வேலைக்கும் இல்லை, வெறுமனே ஓடுவதற்காக. அதற்கு எங்கள் பகுதியைப் போல வசதியான இடம் குறைவு.

மலையகத்தில் பெக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றர் நடைபாதையை 22 பகுதிகளாகப் பிரித்து அமைத்திருக்கிறார்கள். வெளிநாட்டவர்கள் விமானம் ஏறி வந்து அதில் நடக்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் வட்டைப் பாதைகளை யாரும் அமைத்துத் தர வேண்டியதில்லை. வாய்க்கால் கட்டு, குளக்கட்டு, கிறவல் பாதை, டிரெக்டர் போன தடம் எல்லாம் ஏற்கனவே கிடக்கின்றன. மாரியில் அந்தப் பக்கம் காலே வைக்க முடியாது. இப்போது சிறுபோக அறுவடைக் காலம். நிலம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது, சைக்கிளுக்கு இதுதான் பருவம்.

ஓடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு மூன்று விசயம் சொல்கிறேன். நன்றாக விடிந்த பிறகு புறப்படுங்கள். யானை திரும்பிப் போகும் நேரத்தில் வட்டைக்குள் போகக் கூடாது. முதல் நாள் இரவு யானை வந்ததா என்று வேளாண்மைக்காரர்களிடம் கேளுங்கள், அவர்களைவிட யாருக்கும் தெரியாது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டால் கிறவலில் வழுக்காது, கையும் வலிக்காது. போகும்போது மேற்கே போங்கள். கச்சான் எழும்பும் நேரத்தில் நீங்கள் திரும்பிக் கொண்டிருப்பீர்கள். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். எதிர்க்காற்றில் திரும்பி வந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. வெட்டு மிஷினுக்குப் பின்னால் நடக்கும் கொக்குக் கூட்டம். வரம்பில் நின்றுவிட்டு மனமில்லாமல் வழிவிடும் மயில். காய்ந்த வைக்கோல் மணம். மதகடியில் தூண்டில் போட்டுக்கொண்டு, "சேர், இண்டைக்கு ஸ்கூல் இல்லையா?" என்று பயந்து கேட்கும் பையன். மோட்டார் சைக்கிளில் இதே பாதையில் பல வருடம் போயிருக்கிறேன். வேகமும் சத்தமும் இவற்றையெல்லாம் துரத்திவிடும். சைக்கிளில் போகிறவனிடம் மனிசரும் நின்று பேசுவார்கள்.

மல்வத்தைப் பக்கம் ஒரு நாள் முள் குத்திக் காற்றுப் போய்விட்டது. உருட்டிக்கொண்டு போனபோது ஒரு தமிழ்க் குடும்பத்தவர் கூப்பிட்டு, முற்றத்தில் வைத்து ஒட்டித் தந்தார்கள். வீட்டில் பம்ப், பெச், பசை எல்லாம் தயாராக இருந்தது. ஆச்சரியப்பட்டேன். "எங்கட புள்ள தினமும் சைக்கிள்லதானே சேர் பள்ளிக்கூடம் போறாள். அவளே ஒட்டுவாள்" என்றார் அந்த அண்ணன்.

யுத்த காலத்தில் இதே பாதையில் அவரும் வரப் பயந்திருப்பார், நாங்களும் பயந்தோம். வேளாண்மை செய்தவர்கள் காலையில் போனால் மாலையில் திரும்பி வரும்வரை வீட்டில் நிம்மதி இருக்காது. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அந்தப் பாதையும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த பாதை வீடு, பாடசாலை, டியூசன், திரும்ப வீடு.

நான் புவியியல் படிப்பிக்கிறேன். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தைப் பற்றி என் மாணவர்கள் அழகாக எழுதுவார்கள். சேனாநாயக்க சமுத்திரத்தை வரைபடத்தில் சரியாகக் குறிப்பார்கள். ஆனால் இங்கினியாகலையில் திறந்துவிடும் தண்ணீர் சிங்களக் குடியேற்றங்கள் தாண்டி, தமிழ்க் கிராமங்களையும் எங்கள் வட்டைகளையும் தொட்டு வருகிறது, ஊருக்குப் பின்னால் அவர்கள் பார்க்கும் வாய்க்காலில் ஓடுவது அந்தத் தண்ணீர்தான் என்று சொன்னால் வகுப்பே விழிக்கிறது. வாய்க்கால் ஓரமாக ஒரு காலை சைக்கிளில் போன பிள்ளைக்கு அந்தப் பாடத்தை நான் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். எங்கள் பிள்ளைகளின் நேரசூசியில் அந்த 60 நிமிடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். புலமைப்பரிசில் வகுப்பில் இருந்தே அதை நாங்கள் எடுத்துவிட்டோம்.

இனிச் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது. பெண் பிள்ளைகளைப் பற்றியது.

எங்கள் ஒழுங்கைகளில் தரம் 5 வரைக்கும் பெண் பிள்ளைகள் பையன்களுக்குச் சமமாக சைக்கிள் ஓடுகிறார்கள். தரம் 6, 7 வந்ததும் ஒரு நாள் அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. யாரும் தடுத்ததாகச் சொல்லமாட்டார்கள். "வளந்திட்டாள்" என்ற ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு அவள் வாப்பாவுக்குப் பின்னால் அல்லது ஓட்டோவில்தான்.

இதே ஊரில் டீச்சர்மாரும் தாதிமாரும் அபாயாவோடு ஸ்கூட்டியில் போகிறார்கள். ஆரம்பத்தில் அதற்கும் பேச்சு வந்தது. இன்றைக்கு ஸ்கூட்டி இல்லாமல் எத்தனை வீட்டில் காலை வேலை நடக்கும்? பெற்றோல் ஊற்றி ஓடினால் சரி, காலால் மிதித்தால் சரியில்லை என்பதில் என்ன நியாயம்? உடுப்பு செயினில் மாட்டும் என்கிறார்கள். செயின் கவரும் பின்சில்லுக்கு வலையும் போட்டால் அந்தப் பிரச்சினை முடிந்தது, லேடீஸ் சைக்கிளில் அது பழைய ஏற்பாடு. மல்வத்தைப் பிள்ளை பஞ்சர் ஒட்டப் பழகியிருக்கிறாள். என் வகுப்புப் பிள்ளை பெடலை மறந்துகொண்டிருக்கிறாள். இருவருக்கும் இடையில் சில கிலோமீற்றர்தான்.

பாதுகாப்பு இல்லை என்பது மட்டும் உண்மையான பேச்சு. ஏ4 வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது பெரியவர்களுக்கே நடுக்கம் வரும். அங்கே பிள்ளையை விடச் சொல்லவில்லை. அதனால்தான் வட்டைப் பாதைகளைச் சொல்கிறேன். ஆனால் அவற்றையும் நாங்கள் கெடுத்துக்கொண்டு இருக்கிறோம். வாய்க்கால் கட்டில் கோழிக்கடைக் கழிவு, பம்பர்ஸ், பொலித்தீன் பைகள். கழிவுக்கு நாய் வரும், நாய் சைக்கிளைத் துரத்தும். குப்பைக்கு யானையும் வரும். இரவில் பையைக் கட்டி எறிந்துவிட்டுப் போகிறவர் எங்கோ இருந்து வந்தவர் அல்ல. எங்கள் தெருக்காரர்தான்.

எனவே என் வேண்டுகோள் மூன்று. கோழிக்கூட்டுப் பக்கம் கிடக்கும் சைக்கிளுக்கு இந்த வாரம் காற்று அடியுங்கள். வீட்டுக் குப்பையை வாய்க்கால் பக்கம் கொண்டு போகாதீர்கள், கொண்டு போகிறவரைக் கண்டால் சும்மா இராதீர்கள். மகளின் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாடசாலை திறக்க இன்னும் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. காலை ஆறரைக்கு நானும் என் மகளும் புறப்படுகிறோம், போக வர 12 கிலோமீற்றர், மெதுவாகத்தான். பிள்ளையோடு வாப்பாவோ உம்மாவோ கட்டாயம் வர வேண்டும். தண்ணீரும் தொப்பியும் கொண்டு வாருங்கள். வர விரும்புகிறவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள், எங்கே சந்திப்பது என்று அறியத் தருகிறேன்.