எடுத்த படமும் சேர்த்த படமும்



நம் இதழுக்கு மழைக்காலப் படங்கள் அனுப்புங்கள் என்று வாசகர்களாகிய உங்களிடம் கேட்டிருந்தோம். குவித்துவிட்டீர்கள். செம்பாக்கம் ஏரியில் நீந்தும் நாமக்கோழிகள், முடிச்சூர் சாலையில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைகள், வண்டலூர் மேம்பாலத்துக்குப் பின்னால் திரண்ட கருமேகம். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது ஒரு படத்தில் எல்லார் கண்ணும் நின்றுவிட்டது. திருநீர்மலைக் கோயிலும், அதற்குப் பின்னால் மலையளவுக்குப் பெரிய முழுநிலாவும். அட்டைக்கே வைத்துவிடலாம் என்றார் எங்கள் வடிவமைப்பாளர்.

நிலாவின் அளவுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. வானத்தில் நிலா அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய அரை டிகிரி. முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தால், 36 மி.மீ. அகலச் சென்சாரில் நிலா அரை மி.மீ.கூட இருக்காது. அந்தப் படத்தை 20 செ.மீ. அகலத்துக்கு அச்சடித்தால் நிலா ஒரு கம்பு மணி அளவுதான் தெரியும். கோயிலுக்குப் பக்கத்தில் நிலா பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கோயிலைவிட்டுத் தள்ளிப் போக வேண்டும். 1 கி.மீ. தள்ளி நின்றால், கோயிலில் 9 மீட்டர் அகலமுள்ள ஒரு பகுதியும் நிலாவும் ஒரே அகலத்தில் தெரியும். 2 கி.மீ. போனால் 18 மீட்டர். பிறகு 400 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸால் இரண்டையும் சேர்த்து அருகே இழுக்கலாம். அதற்கு மலைக்கு மேற்கே இடம் பார்த்து, பௌர்ணமியன்று பொழுது சாயும் வேளையில் காத்திருக்க வேண்டும். மறுநாள் போனால் நிலா ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திவிடும். அதற்குள் கோயில் இருட்டிவிடும். எங்களுக்கு வந்த படத்திலோ அடிவாரத்து டீக்கடைப் பலகையைப் படிக்க முடிந்தது. அவ்வளவு கிட்டத்தில் நின்றவருக்கு அப்படியொரு நிலா கிடைக்க வழியே இல்லை.

அனுப்பிய இளைஞரிடம் கேட்டோம். "கோயில் நான் எடுத்தது சார். நிலா நெட்ல இருந்து எடுத்துச் சேர்த்தேன். அழகா இருக்கட்டுமேன்னுதான்" என்றார். மறைக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அவருடைய கைத்திறன் நன்றாகவே இருக்கிறது. ஆகவே படம் வரும். "நிலா சேர்க்கப்பட்டது" என்ற வரியோடு, கற்பனைப் படங்களுக்கான பக்கத்தில் வரும்.

சேர்ப்பது தப்பா என்று கேட்டால், என் பதில் இல்லை. 1940-இல் வந்த 'உத்தமபுத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். கம்ப்யூட்டர் வராத அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சி என்றால், லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பது வழக்கம். முழுக்கவும் கேமராவுக்குள்ளேயே நடந்த வேலை. ஆனாலும் இரண்டு சின்னப்பா இருப்பதாக யாரும் நம்பவில்லை. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் எத்தனையோ தம்பதிப் படங்களும் அப்படித்தான். சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் தாத்தா போய்விட்டிருப்பார். வாக்காளர் அட்டையில் இருந்த அவர் முகத்தைப் பாட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கோட்டும் மாட்டிவிட்டிருப்பார் ஸ்டுடியோக்காரர். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். அந்தப் படத்தின் முன் விளக்கேற்றுகிறவர்கள் யாரும் ஏமாறவில்லை.

ஆனால் 'இது நடந்தது, இதோ பாருங்கள்' என்று நீட்டப்படும் படத்தில் சேர்ப்பது வேறு. அதற்கான உதாரணம் நம் ஊர் வெள்ளத்திலேயே இருக்கிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைமீறி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்ததையும், மொட்டைமாடியில் நின்று படகுக்குக் கையசைத்ததையும் உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். விமான நிலையமே மூடிக்கிடந்தது. 3-ஆம் தேதி பிரதமர் அரக்கோணம் கடற்படைத் தளத்தில் வந்திறங்கி, ஹெலிகாப்டரில் வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அந்தப் படங்களை வெளியிட்டது. அதில் ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் சூழ்ந்த கட்டடங்கள் பளிச்சென்று தெரிந்தன. அதே காட்சியின் அசல் படத்தில் ஜன்னலுக்கு வெளியே வெறும் மங்கல். பார்த்தவர்கள் நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அலுவலகம் படத்தை நீக்கியது. இரண்டு படங்கள் இணைக்கப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம், அசல் படமே போதுமானதாக இருந்தது என்பதுதான். மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறவருக்கும் ஊர் சரியாகத் தெரியாத நாள் அது. அந்த மங்கலும் அந்த நாளின் சாட்சிதான். அதைத் துடைத்துவிட்டுத் தெளிவான வெள்ளத்தை ஒட்டிவைத்ததால், கழுத்தளவு தண்ணீரில் நின்ற மக்களைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் நாடு ஒரு ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு வேறொரு துயரம் வந்தது. கல்யாண ஆல்பங்கள். படத்தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். நனைந்து, எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால், பிரிக்கும்போது முகம் அந்தப் பக்கத்தோடு போய்விடும். திரும்பத் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அப்படி எத்தனையோ வீட்டுப் படங்களை மீட்டுக் கொடுத்தவர். முகத்தில் பாதி போன படத்தை யாராவது நீட்டினால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இவரோட வேற போட்டோ ஏதாவது இருக்கா?" என்பதுதான். பள்ளிக்கூடக் குழுப்படமோ பாஸ்புக் படமோ கிடைத்தால் அதிலிருந்து தாடையை எடுத்து வைப்பார். ஒன்றுமே கிடைக்காவிட்டால் கிழிசலை மட்டும் ஒழுங்குபண்ணி, இல்லாததை இல்லாததாகவே விட்டுவிடுவார்.

அண்மையில் அவர் கடைக்கு ஒரு பெண் வந்திருந்தார். அப்பாவின் பழைய படத்தை போனில் ஒரு செயலியிடம் கொடுத்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் கீறல், கறை எல்லாவற்றையும் போக்கிக் கொடுத்துவிட்டது. தோல் வழவழவென்று இருந்தது. பல்வரிசை முத்துக் கோத்தாற்போல. அந்தப் பெண் சொன்னார்: "எங்கப்பாவுக்கு முன்பல்லு கொஞ்சம் விலகி இருக்கும்ணே. இது யாரோ மாதிரி இருக்கு. பழசையே பெருசு பண்ணிக் குடுங்க, கறையோட இருந்தாலும் பரவாயில்ல."

இப்படி இட்டுக்கட்டிய படங்கள் பெருகும்போது உண்மைப் படத்துக்கும் மதிப்புப் போய்விடுகிறது. 2015 மழையில், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வதந்தி கிளம்பியது. முழுப் பொய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் பகுதியில் ஒரு முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தது. இரவு, மழை, வண்டி விளக்கு வெளிச்சம், ஒன்றும் தெளிவில்லை. இதுவும் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் அது நிஜம். அப்போதைய சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகுவே, சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்பு நில முதலைகள் உண்டு, கூச்ச சுபாவம் கொண்டவை, சீண்டாமல் விட்டால் ஆபத்தில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. உண்மையை நம்பவைக்க அரசு அதிகாரி வர வேண்டிய நிலை நல்லதல்ல. வெள்ள நேரத்தில் 'ஏரி உடைகிறது, ஓடுங்கள்' என்று ஒரு படம் வந்தால், அதை நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும்.

இதற்காகவே செய்திப் படக்காரர்கள் கடுமையான வழக்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் இறுதிக் கட்டங்களை எட்டுகிறவர்கள் கேமராவில் பதிவான மூலக் கோப்பைக் காட்டியாக வேண்டும். 2015-இல் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, படத்தில் இருந்ததை அழித்தோ இல்லாததைச் சேர்த்தோ இருந்ததால் தள்ளுபடியாயின. அந்த அளவுக்குக் கெடுபிடி நமக்கு வேண்டாம். ஆனால் நம் ஊரைக் காட்டும் பக்கத்தில் வரும் படத்தை வாசகர் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே இந்த இதழிலிருந்து, வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரம் வெட்டலாம், சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம், சென்சாரில் ஒட்டிய தூசியின் புள்ளியை அழிக்கலாம். இல்லாத பறவையையோ மேகத்தையோ கொண்டுவர வேண்டாம். குறுக்கே மின்கம்பி போனால் போகட்டும், அதுவும் நம் தெருதான். சேர்த்துச் செய்யும் படங்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. என்ன சேர்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும், பெருமையோடு போடுகிறோம். மற்ற படங்களுக்கு எடுத்த இடமும் தேதியும் வேண்டும். போனிலிருந்து அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.

டிசம்பர் இதழில் 2015 வெள்ளத்துக்காக எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, மாடியிலிருந்து எடுத்த தெரு, படகேறிய பாட்டி என்று எதுவானாலும் சரி. மங்கலாக இருந்தாலும், ஆடியிருந்தாலும் அனுப்புங்கள். நவம்பர் 15-க்குள் வந்து சேரட்டும். காகிதப் படம் மட்டுமே வைத்திருப்பவர்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துகொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்