இருக்கைச் சூடும் காற்றுப்பையின் கணக்கும்

காரின் முன்னிருக்கை சூடாகவில்லையென்றால் அது சொகுசுக் குறை. காற்றுப்பை உரிய நேரத்தில் விரியவில்லையென்றால் அது உயிர்க் குறை. பணிமனைகள் இவ்விரண்டையும் வெவ்வேறு பட்டியல்களில் எழுதுகின்றன. இருக்கை உறைக்குள்ளோ அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. குழப்பத்தின் வேர் இந்தப் பாகுபாட்டில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் 208ஆம் எண் பாதுகாப்புத் தரம் 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பிறகு, முன்னிருக்கையில் இருப்பவர் யார் என்று கணிக்கும் உணரிகள் அங்கே பரவலாயின. ஆறு வயதுக் குழந்தை அமர்ந்தால் காற்றுப்பை அடங்கியிருக்க வேண்டும். ஏறக்குறைய 49 கிலோ எடையுள்ள சிறிய உடல்வாகுப் பெண் அமர்ந்தால் அது விழித்திருக்க வேண்டும். இடைவெளி குறுகியது, பிழைக்கு அதிக இடமில்லை.

சில கார்களில் இருக்கைப் பஞ்சுக்கு அடியில் திரவப்பையும் அழுத்த உணரியும் உண்டு. சிலவற்றில் உணரி விரிப்பு உண்டு. வேறு சில, உடலால் மின்புலத்தில் நிகழும் மாற்றத்தை அளக்கின்றன. சூடேற்றி இவற்றுக்கு மிக அருகில் அமைகிறது. அதன் கம்பி அறுந்து ஓரிடம் கருகினால் பஞ்சும் விரிப்பும் சிதையலாம். வெளிச்சந்தைச் சூடேற்றியை உறைக்கடியில் செருகினால் எடை பரவும் விதம் மாறலாம். மின்புல முறையிலோ அந்தக் கம்பியே அளவீட்டைக் குலைக்கக்கூடும்.

'பயணி காற்றுப்பை அணைந்துள்ளது' என்னும் மஞ்சள் விளக்கு ஒரே குறி. பொருளோ சூழலுக்கேற்ப மாறும். குழந்தை இருக்கையில் அது நற்செய்தி. பெரியவர் நேராக அமர்ந்திருக்கையில் அதுவே எச்சரிக்கை. ஆகவே விளக்கு எரிகிறதா என்பதோடு, யார் அமர்ந்தபோது எரிகிறது, சூடேற்றியை இயக்கியதும் மாறுகிறதா என்றும் கேட்பதே நோயறிதலின் முதற்படி. அடுத்து, காற்றுப்பைக் கட்டுப்பாட்டகத்தில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்க வேண்டும். மின்கலத்தைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, இருக்கைக்கு அடியிலுள்ள இணைப்பிகளில் ஈரமும் துருவும் தேட வேண்டும். காற்றுப்பையின் வெடிப்புச் சுற்றில் சாதாரண ஓம்மானியை வைக்கவே கூடாது. பழுது நீங்கிய பின், கையேடு கோரினால், காலி இருக்கையில் மறு அளவீடு செய்ய வேண்டும். பிழைக்குறியை அழிப்பது மட்டும் பழுதுபார்ப்பு ஆகாது.

சூடேற்றிக்காக இவ்வளவு செலவா என்ற உரிமையாளரின் கேள்வி நியாயமானதே. பஞ்சு, உணரி, கட்டுப்பாட்டகம் மூன்றும் சேர்த்து அளவிடப்பட்ட ஒரே தொகுதியாக விற்கப்படும் கார்களில் விலை கூடும். கையேடு இடங்கொடுத்தால் சூடேற்றியைத் துண்டித்துவிட்டுக் குளிரைப் பொறுத்துக்கொள்வது நேர்மையான சிக்கனம். உணரியின் கணக்கைச் சரிபாராமல் இருக்கையைத் தைத்து மூடுவது சிக்கனமன்று. முன்னிருக்கைக்குள் கைவைக்கும் எந்த வேலையும் பாதுகாப்பு வேலையே என்று பணிமனைச் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.