இரண்டாவது மோதிரம் எடுக்கும் முன்...



இந்த முறை நம் பக்கத்துக்கு வந்த கேள்வி, கல்யாணத்துக்கு நகை எடுக்கும் பல வீடுகளில் எழுகிற கேள்விதான். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்கிறாள்:

"அக்கா, தை மாதம் எனக்கு நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் ஒற்றைக்கல் வைர மோதிரம் போட்டார்கள். வைகாசியில் சர்ச்சில் கல்யாணம். அங்கே போடுகிற மோதிரத்தையும் அதே விரலில் சேர்த்துப் போட்டுக்கொள்ள ஆசை. 'கல்யாண மோதிரம் 22 காரட்டில் கனமா இருக்கணும், ஜெபம் பண்ணிப் போட்டதைக் கழட்டவே கூடாது' என்கிறார்கள் அத்தை. அவரோ சுற்றிலும் கல் வைத்து எடுக்கலாம் என்கிறார். நான் நர்சரி பள்ளி டீச்சர். எது சரி?"

தங்கையே, இரண்டு பேரும் ஆசையாய்த்தான் சொல்கிறார்கள். ஆனால் மோதிரம் போட்டுக்கொண்டு வேலை செய்யப்போவது உன் கை. அதனால் அந்தக் கையைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும்.

முதல் காரியம், கடைக்குப் போகும்போது நிச்சய மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டே போ. புது மோதிரத்தை அதன் பக்கத்தில் போட்டு, கையை மூடித் திறந்து பார். கல் உயரமாக உட்கார்ந்திருந்தால் நேரான வளையம் அதன் அடியில் ஒட்டி நிற்கும். கல் தாழ்வாக இருந்தால் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளி பிடிக்காவிட்டால், கல் இருக்கும் இடத்தில் லேசாக வளைத்துச் செய்து தரச் சொல்லலாம்.

அடுத்தது தங்கத்தின் தரம். 22 காரட்டில் 100-க்கு 91.6 பங்கு தங்கம். 18 காரட்டில் 75 பங்கு. தங்கம் கூடக்கூட நகை மிருதுவாகும். கல்லை இறுகப் பிடிக்க வேண்டியிருப்பதால் வைர மோதிரங்களைப் பெரும்பாலும் 18 காரட்டில்தான் செய்கிறார்கள். உன் மோதிரத்தின் உள்பக்கம் 750 என்று இருந்தால் அது 18 காரட். அதோடு 22 காரட் வளையம் தினமும் உரசினால், மிருதுவானதுதான் முதலில் தேயும். நிறமும் கொஞ்சம் மாறித் தெரியும். ஒரே விரலில் போடுவதானால் இரண்டும் ஒரே தரமாக இருப்பது நல்லது.

சுற்றிலும் கல் வைத்த மோதிரம் பார்க்க அழகுதான். ஆனால் வைரத்தைவிடக் கடினமான கல் கிடையாது. பக்கத்து மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பிகளை அது அராவிவிடும். கம்பி தேய்ந்தால் ஒருநாள் கல்லே விழுந்துபோகும். மாவு பிசைந்தால் கல் இடுக்கில் மாவு அடையும். நாளைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதன் இளந்தோலில் கீறும். இன்னொன்று, முழுச்சுற்றும் கல் இருந்தால் பிறகு பெரிது பண்ணுவது ரொம்பக் கஷ்டம். கல் இல்லாத வளையமானால் பெரும்பாலும் அளவை மாற்றித் தந்துவிடுவார்கள்.

அளவு எடுப்பதற்கும் நேரம் உண்டு. குளிர்ந்த காலையில் விரல் சற்று மெலிந்திருக்கும். வெயிலில் அலைந்து வந்தால் பருத்திருக்கும். ஆகவே கை இயல்பாக இருக்கும்போது, இரண்டு மோதிரத்தையும் சேர்த்துப் போட்டே அளவு பார். தனியாகப் போட்டபோது சரியாக இருந்தது, ஜோடியாகப் போடும்போது பிடிக்கும். விரல் மூட்டைத் தாண்டும்போது லேசாகத் தடுக்க வேண்டும். ஆனால் சோப்பு இல்லாமலே கழன்று வர வேண்டும்.

கழட்டலாமா என்றுதானே அத்தையின் கவலை? இங்கேதான் கவனம் வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பலருக்கு விரல் வீங்கும். மோதிரம் இறுகுவதற்கு முன்பே கழட்டி வைத்துவிடணும். கையில் அடிபட்டாலும் வீங்குவதற்குள் முதலில் மோதிரத்தை எடுக்கணும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கையும் முகமும் திடீரென்று வீங்கி, விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்றில் வலி என்று வந்தால், அது மோதிர விஷயமே இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போகணும்.

மோதிரம் மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்காதே. கையைத் தலைக்கு மேலே சில நிமிஷம் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த நீரில் வைத்து, எண்ணெயோ சோப்போ தடவி மெல்லத் திருகி எடு. விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப் போனாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடு. வெட்டித்தான் எடுக்கணும் என்றால் வெட்டட்டும். மோதிரத்தை ஆசாரி மறுபடி ஒட்டித் தருவார். விரலை யார் தருவார்?

தினசரியும் பாத்திரம் துலக்கும்போது, துணி துவைக்கும்போது கழட்டி வைப்பதே நல்லது. இரண்டு மோதிரத்துக்கு அடியில் சோப்பும் ஈரமும் தங்கினால் தோல் சிவந்து அரிக்கும். ப்ளீச்சிங் பவுடர் பட்டால் நகைக்கும் கெடுதல். அதற்கென்று ஒரு சின்னக் கிண்ணியை அடுப்படி அலமாரியில், ஒரே இடத்தில் வைத்துக்கொள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும் வைக்காதே!

அத்தையிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். "வீக்கம் வந்தா டாக்டரே கழட்டச் சொல்வாங்க அத்தை. அந்தக் கொஞ்ச நாளைக்குச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கிறேன்" என்று பக்குவமாகச் சொல். ஜெபம் பண்ணிப் போட்ட மோதிரம் கழுத்தில் கிடந்தாலும் அதே மோதிரம்தானே!

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஹால்மார்க். பி.ஐ.எஸ். முத்திரை, தரத்தின் எண், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறியீடு மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் விவரம் வரும். 2 கிராமுக்கு, அதாவது கால் பவுனுக்கு, குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மெல்லிய வளையம் அந்த எடைக்குள் வந்துவிடலாம். அதனால் கேட்டுப் பார்த்தே எடு. பில்லில் தங்கத்தின் நிகர எடை, காரட், கல் எடை, செய்கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்.

என் யோசனை இதுதான்: தினமும் போட, நிச்சய மோதிரத்தின் தரத்திலேயே, ஓரம் உருட்டின, கல் இல்லாத மெல்லிய வளையம். அத்தை ஆசைப்படும் 22 காரட் கனத்தைத் தாலிச் சங்கிலியில் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய கல் மோதிர ஆசையை முதல் கல்யாண நாளுக்கு வைத்துக்கொள். அது வேறு விரலுக்கு!

கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். இருவரும் நீடூழி வாழ்க!