எதை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்

சென்ற மாதம் எங்கள் நண்பர் ஒருவரின் கைபேசி உடைந்தது. டெல்டாப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியையாகப் பணியாற்றுபவர் அவர். எங்கள் குழுவில் நாட்டார் பாடல்களைப் பற்றி எழுதுபவரும் அவர் ஒருவரே. பேருந்திலிருந்து இறங்குகையில் கை நழுவித் தார்ச்சாலையில் முகங்குப்புற விழுந்திருக்கிறது. கணவரின் கைபேசியிலிருந்து எங்களுக்கு ஒரு வரி அனுப்பினார்: 'போன் உடைந்துவிட்டது. எதை வாங்கலாம்?'

ஒரு மணி நேரத்துக்குள் பதினொரு மறுமொழிகள் போய்ச் சேர்ந்தன. ஒருவர் கேமராவின் மெகாபிக்சலைச் சொன்னார். இன்னொருவர் தீபாவளித் தள்ளுபடி வரை பொறுக்கச் சொன்னார். சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை கொண்ட நண்பர் ஒருவர், எந்தச் சில்லு எந்தச் சில்லைவிட வேகமானது என்று ஒரு பட்டியலே அனுப்பினார். பழைய கைபேசிக்கு என்ன ஆயிற்று, அதைச் சரிசெய்ய இயலுமா, அதனுள் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது. ஆகவே இதில் வரும் குற்றச்சாட்டுகளுள் பாதி எங்கள் மீதே.

அதனுள் இருந்தவை இவை. அவருடைய பெரியம்மா பாடிய ஒப்பாரிகளும் நடவுப் பாடல்களுமாக நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள். மூன்று ஆண்டுகளில், விடுமுறைதோறும் அந்த அம்மையாரின் திண்ணையில் அமர்ந்து பதிவு செய்தவை. பெரியம்மா இப்போது உயிருடன் இல்லை. படி எடுத்து வைக்காதது தவறு என்று நண்பர்கள் கடிந்துகொள்ளக் கூடும். தவறுதான். ஆனால் படி எடுக்காத தவறுக்கும் ஒரு குரலை நிரந்தரமாக இழப்பதற்கும் இடையே பொருத்தம் ஏதுமில்லை.

அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பழுதுநீக்க மையம் மாவட்டத் தலைநகரில் இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, ஏனெனில் வேறெங்கு போயிருந்தாலும் கதை ஏறத்தாழ இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கிய கருவி. திரைக்கும் பேட்டரிக்கும் சேர்த்து ஏழாயிரத்து எண்ணூறு என்றார்கள். உதிரிபாகம் வரப் பதினைந்து நாள் ஆகலாம், வராமலும் போகலாம். வந்தாலும் உள்ளிருப்பவை அழிக்கப்படும், அதற்கு ஒப்புதல் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும். 'இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட் மேடம். எக்ஸ்சேஞ்சுல போட்டா ஆயிரத்து இருநூறு கிடைக்கும்' என்றாராம் முகப்பிலிருந்த இளைஞர். அந்த இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் வாயில் வைக்கப்பட்ட சொற்களை அவர் சொன்னார்.

நண்பர் கையெழுத்திடாமல் திரும்பினார். பேருந்து நிலையத்தின் பக்கத்துச் சந்தில், ஒரு குடையின் அளவே உள்ள கடையில் அமர்ந்திருந்தவரிடம் கருவியைக் கொடுத்தார். அவர் அதைக் காதருகே வைத்து, அதிர்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னது: 'அக்கா, போன் சாகல. கண்ணுதான் போயிருக்கு.'

வெப்பக்காற்றால் பசையை இளக்கி, மெல்லிய தகடு ஒன்றை விளிம்பில் ஓட்டித் திரையைப் பிரித்தார். நிறுவனத்தின் அசல் திரை அவருக்குக் கிடைக்காது. வேறெங்கோ செய்த மாற்றுத்திரை ஒன்றைப் பொருத்தினார். நண்பர் தம் கடவுக்குறியை விரலால் வரைந்ததும் கருவி திறந்துகொண்டது. நாற்பது பாடல்களும் இருந்தன. கூலியும் திரையும் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். அரைநாள் வேலை.

ஒரு நிறுவனம் தான் செய்த பொருளை இறந்துவிட்டதாக அறிவிக்கிறது. அந்நிறுவனத்தோடு எத்தொடர்பும் இல்லாத ஒருவர், வரைபடமும் கையேடும் அசல் உதிரிபாகமும் இன்றி, அதை எழுப்பி உட்கார வைக்கிறார். ஆக, பழுதுநீக்க முடியாது என்பது பொருளின் இயல்பு அன்று. அது எவரோ எடுத்த முடிவு.

இம்முடிவு எப்போதும் இருந்ததில்லை. 2003-இல் வந்த நோக்கியா 1100 நம்மில் பலருக்கு நினைவிருக்கும். உலகெங்கும் இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்ற கைபேசி அது. பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கைக்கு வந்துவிடும். அந்த பிஎல்-5சி பேட்டரி பெட்டிக்கடையில் கிடைத்தது. கைபேசி வழக்கொழிந்த பின்னும் சிறு வானொலிப் பெட்டிகளில் அதே பேட்டரி வாழ்கிறது. அதற்குப் பின் வந்த தொடுதிரைக் கைபேசிகளில் பின்மூடி பசையால் ஒட்டப்பட்டது. பேட்டரி உள்ளே சிறைப்பட்டது. லித்தியம் அயனி பேட்டரி சில நூறு முறை மின்னேற்றியதும் தளரத் தொடங்கும் என்பதைச் செய்தவர் அறிவார். தளர்வது உறுதியான ஒன்றைத் திறக்கவியலாப் பெட்டிக்குள் வைத்து ஒட்டுபவரின் நோக்கம் என்னவென்று வாசகரே ஊகிக்கலாம்.

'பசையால் ஒட்டினால்தான் தண்ணீர் புகாது' என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 கைபேசிக்கு நீர்புகாமைத் தரச்சான்றும் இருந்தது, கையால் கழற்றக்கூடிய பேட்டரியும் இருந்தது. இன்றைய மெல்லிய கருவிகளில் அது எளிதன்று எனலாம். எளிதன்று என்பது வேறு, இயலாது என்பது வேறு.

இன்னும் நுட்பமான பூட்டுகளும் உண்டு. உதிரிபாகத்தையும் கருவியையும் மென்பொருளால் பிணைத்துவிடுவது அவற்றுள் ஒன்று. அசல் திரையை இன்னொரு கருவியிலிருந்து எடுத்துப் பொருத்தினாலும் சில வசதிகள் வேலை செய்யாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம் இந்தப் பிணைப்பைத் தடைசெய்தது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணையாமல் காக்கவே அவ்வாறு செய்ததாக அது கூறிற்று. அதைப் பயனரிடம் ஏன் முன்னரே சொல்லவில்லை என்பதே கேள்வி. 2018-இல் இத்தாலியின் போட்டி ஆணையம், மென்பொருள் மேம்பாட்டால் பழைய கருவிகள் மந்தமானதற்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. நம் கைபேசி மெதுவாகிவிட்டதே, வயதாகிவிட்டது போலும் என்று நாம் எண்ணியிருந்தோம். வயதும் ஒரு மேம்பாடாக இறக்கி வைக்கப்படக்கூடியது என்று அறிந்திருக்கவில்லை.

பொருளியல் படித்த நண்பர் ஒருவர் எங்களோடு வாதிட்டார். புதியதன் விலையில் பாதியைப் பழுதுக்குக் கொடுப்பதைவிடப் புதியதை வாங்குவதுதானே அறிவு என்றார். தராசு நேராக இருந்தால் அவர் சொல்வது சரி. புதிய கருவியின் விலையை நிர்ணயிப்பவரும் உதிரிபாகத்தின் விலையை நிர்ணயிப்பவரும் ஒருவரே என்னும்போது, இரு தட்டுகளையும் ஒரே கை அழுத்துகிறது. அத்தராசில் ஏறாத எடைகளும் சில உண்டு. கைபேசி ஒன்று தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமிலத்தின் பெரும்பகுதி, நாம் அதைக் கையில் வாங்குமுன்பே, அதைச் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. பேட்டரிக்கான கோபால்ட்டின் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சலுகையில் இக்கணக்கெல்லாம் எங்கே வருகிறது?

சட்டத்தால் இது மாறக்கூடியதா என்றால், மாறும். பிரான்சு 2021 ஜனவரி முதல் கைபேசி உள்ளிட்ட சில பொருட்களுக்குப் பழுதுநீக்க எளிமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு விலையருகே அறிவிக்கச் செய்தது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்குப் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. ஒரு மாதிரியின் விற்பனை நின்றபின் ஏழாண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நம் நாட்டில், நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. நல்லது. ஆனால் நண்பரோடு ஏறி இறங்கிய எந்தக் கடையிலும், விலைச்சீட்டில் கேமராவின் திறனைக் கண்டோமே ஒழிய, பழுதுநீக்க எளிமையைப் பற்றி ஒரு சொல்லும் கண்டிலோம்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியாக ஒரு வேதனை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்னர் அதே வட்டாரத்தில் ஐபோன்கள் பூட்டப்படலாயின. கைபேசியைப் பூட்டத் தெரிந்த கைகள் இங்கே உள்ளன. பிரிக்கத் தெரிந்த கைகள் சென்னை ரிச்சி தெருவிலும் ஒவ்வோர் ஊரின் பேருந்து நிலையச் சந்திலும் உள்ளன. இவ்விரு கைகளுக்கும் இடையில் அசல் உதிரிபாகமும் ஒரு கையேடும் செல்லவிடாமல் தடுத்திருக்கிறார்கள்.

இனி நம்மிடம் வருவோம். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிச் சென்ற ஊர்களில், ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விட்டுவிட்டதாகச் சொன்னவர்களைப் பற்றிப் படித்து மனம் பதறியவர்கள் நாம். அந்த மனிதர்களை அறிவிலிகள் என்று ஏசாத இலக்கியக் கூட்டம் உண்டா? அவர்களேனும் ஏடு செல்லரித்துவிட்டது, படிக்க ஆளில்லை என்று விட்டார்கள். நாமோ படிக்கத் தெரிந்தும், படிக்க விருப்பம் இருந்தும், கண்ணாடி விரிசல் விட்டது என்பதற்காக நம் எழுத்தையும் நம்மவர் குரலையும் சேர்த்து எக்ஸ்சேஞ்சில் போடுகிறோம். ஈயம் பூசுபவரும் அம்மி கொத்துபவரும் தெருவில் வராமற்போனதை எண்ணி உருகி உருகிக் கட்டுரை எழுதுகிறோம். அவர்களின் வாரிசு சந்துக் கடையில் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவரை நம்மால் அடையாளம் காண முடியவில்லை.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர் முடிவில் புதிய கைபேசி ஒன்றை வாங்கத்தான் வேண்டியிருந்தது. பழையதற்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் நின்று ஓராண்டாயிற்று. வங்கிச் செயலி அதில் திறக்க மறுத்துவிட்டது. உடல் நன்றாயிருக்க, குடியுரிமையைப் பறித்தது போல. ஆயினும் இம்முறை நாங்கள் கேட்ட கேள்விகள் வேறு.

முதற்கேள்வி, மென்பொருள் மேம்பாடு எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? 2023-இல் கூகுள் தன் பிக்சல் 8 வரிசைக்கும், 2024-இல் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டு என்று வாக்களித்தன. விலை உயர்ந்த வரிசைகளுக்கு முடிந்தது எளிய விலைக் கருவிக்கு ஏன் முடியாது என்று எங்கள் விற்பனையாளரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். இரண்டாவது, இதன் திரையும் பேட்டரியும் இன்று என்ன விலை? வாங்குமுன்பே அதைக் கேட்டு எழுதிக்கொண்டோம். மூன்றாவது, ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் பழுதுநீக்க மையம் உண்டா? நான்காவது, பதிவுகளை எடுத்து வைக்கத் தனி நினைவக அட்டைக்கு இடம் உண்டா?

ஐந்தாவது, தமிழ். இந்தியாவில் விற்கும் கைபேசிகள் அட்டவணையிலுள்ள இருபத்திரண்டு மொழிகளையும் திரையில் காட்ட வேண்டும் என்று ஐஎஸ் 16333 என்னும் தர விதி சொல்கிறது. ஆனால் உள்ளிட ஆங்கிலமும் இந்தியும் இன்னொரு மொழியும் இருந்தாலே போதும் என்கிறது. 2005-இல் முத்து நெடுமாறனின் செல்லினம் வந்து கைபேசியில் தமிழ் எழுதக் கற்பித்த சமூகம் இது. கடையிலேயே கருவியை வாங்கி, 'ஸ்ரீ', 'க்ஷ', 'கௌ', 'ஃபா' என்று அடித்துப் பார்த்தோம். விற்பனையாளர் எங்களைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலாது.

கேமராவைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒன்று அமைந்தது. ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு நல்ல விடை இருந்தது. ஐந்துக்கும் விடையுள்ள ஒன்று அவ்விலையில் எங்கள் கண்ணில் படவில்லை. அது எங்கள் தேர்வின் குறையன்று, சந்தையின் குறை. அதை மாற்றச் சட்டம் வேண்டும், சட்டம் வர நாம் கேட்க வேண்டும்.

மறுப்போர் மறுக்கலாம். ஆனால் அடுத்தமுறை நண்பர் ஒருவர், 'போன் உடைந்துவிட்டது, எதை வாங்கலாம்?' என்று கேட்டால், 'உடைந்தது எங்கே, உள்ளே என்ன இருக்கிறது, யாரிடம் காட்டினீர்கள்?' என்று முதலில் கேளுங்கள்.

பழைய கைபேசியை நண்பர் எக்ஸ்சேஞ்சில் போடவில்லை. சிம் அட்டை இல்லாமல் அவர் மேசையில் இருக்கிறது. பதிவுகளைப் படி எடுத்து எங்களில் மூவரிடம் கொடுத்திருக்கிறார். சென்ற ஞாயிறன்று அந்த மாற்றுத்திரையைத் தொட்டு, ஒரு நடவுப் பாடலை எங்களுக்கு ஒலிக்கவிட்டார். நடுவே பெரியம்மா பாட்டை நிறுத்தி, 'இதெல்லாம் எதுக்குடி ஒனக்கு?' என்று கேட்கிறார். பிறகு பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அடியைப் பாடுகிறார்.